மருந்துக்கு அடங்காத கிருமி
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் இன்று மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் நமது உயிர்ப் பிரச்சினைதான்.

கவ்வாத்துக் கத்தி காலை வெட்டினாலும், வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தாலும், புண்ணில் பரவும் கிருமியைக் கொல்வது அன்டிபயோட்டிக். அது வேலை செய்யாமல் போனால் சின்ன வெட்டும் ஆளைக் கொல்லும். 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் உலகம் முழுவதும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தக் கிருமி எப்படி உண்டாகிறது? மலையில் ஒரே புல்லு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கும்? சாகாத புல் மட்டும் மிஞ்சி, விதை போட்டுப் பரவும். ஆஸ்பத்திரி வார்ட்டிலும் இதுதான் நடக்கிறது. அங்கே பலருக்கும் அன்டிபயோட்டிக் ஏறுகிறது. அடங்கும் கிருமி சாகிறது; அடங்காதது மிஞ்சுகிறது. கழுவாத கை, சேலைன் ஊசி, கட்டில் கம்பி வழியாக அடுத்த நோயாளிக்குப் போகிறது. பிறகு நம்மோடு லயத்துக்கும் வருகிறது.

மெதிசிலின் என்ற மருந்து வந்து இரண்டு வருடத்துக்குள், 1961இலேயே, அதற்கு அடங்காத கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். பின்னர் அது ஆஸ்பத்திரிகளில் பெருகியது. 2004இல் அந்நாட்டு அரசாங்கம், இந்தக் கிருமி இரத்தத்தில் ஏறுவதை 2008க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவிட்டது. கை கழுவுவதைக் கண்டிப்பாக்கினார்கள்; தேவையில்லாத அன்டிபயோட்டிக்கைக் குறைத்தார்கள். பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே, இது தலைவிதி அல்ல தோழர்களே. நிர்வாகம் நினைத்தால் முடியும்.

நமது பக்கமும் பிழை இருக்கிறது. டொக்டரிடம் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று, கடையில் நாலு குளிசை வாங்கி விழுங்குகிறோம். மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். தடிமலுக்கு இந்த மருந்து கேட்காது; அது வைரஸ். ஊசி போடச் சொல்லி டொக்டரை நெருக்க வேண்டாம். தந்த மருந்தைச் சொன்ன நாள் வரை குடிப்போம். நோயாளி பார்க்கப் போனால் கை கழுவிவிட்டுத் தொடுவோம்.

மருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உயிர் காக்கும் நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும் என்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: வார்ட்டுகளில் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனை நமது மக்களுக்கும் கிடைக்க வேண்டும். சுகமில்லாதவர் டொக்டரிடம் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது.

இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.