கடிகாரமும் உவமையும்



பத்தாண்டுகளாகக் கவிதையைப் போற்றியும் கடிந்தும் பேசிவரும் இந்த அவைக்கு உவமையின் இயல்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைத் திங்கள் என்றால் ஒளியும் குளிர்ச்சியும் கொள்ளப்படும். களங்கமும் தேய்தலும் விடப்படும். எதைக் கொள்வது, எதை விடுவது என்னும் உடன்பாடு கவிஞனுக்கும் சுவைஞனுக்கும் இடையே பேசாமலே நிகழ்கிறது. அந்தப் பேசா உடன்பாட்டைக் கொண்டு ஒரு வழக்கையே வெல்ல முற்பட்டால் என்ன ஆகும்? கிறித்தவ நம்பிக்கைக்கு அரண் செய்ய எழுந்த காப்புரை நூல்களில் மிகப் புகழ்பெற்ற உவமை ஒன்று இதற்கு விடை தருகிறது.

இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகிய வில்லியம் பேலி 1802இல் 'இயற்கை இறையியல்' என்னும் நூலை வெளியிட்டார். வெட்டவெளியில் நடப்பவன் காலில் கல் இடறினால், அது என்றும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிடலாம். இடறியது கடிகாரமானால் அவ்வாறு சொல்ல இயலாது. அதன் சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு பயனுக்காக இயங்குகின்றன. ஆகவே செய்தவன் ஒருவன் உண்டு. கடிகாரத்தினும் நுட்பமாய் அமைந்த கண்ணுக்கும் செய்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும். இதுவே பேலியின் வாதம். இதை எளிதென எள்ளுதல் தகாது. கண்ணின் நுட்பம் மெய். அதற்கு விளக்கம் தேவை என்பதும் மெய்.

வியப்பு யாதெனில், இந்நூல் தோன்றுவதற்கு முன்னரே இதற்கான மறுப்பு அச்சேறியிருந்தது. 1776இல் மறைந்த ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' 1779இல் வெளிவந்தது. அதில் வரும் ஃபிலோ என்னும் ஐயவாதி தொடுக்கும் வினாக்கள் கவிஞருக்கு நன்கு விளங்கக்கூடியவை. உலகம் பொறியை ஒத்ததென்று ஏன் கொள்ளவேண்டும்? செடியையும் விலங்கையும் ஒத்ததென்று கொண்டால், செய்தவனைத் தேடாமல் விதையையும் கருவையும் தேட நேருமே! தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். உலகும் கடிகாரமும் இவற்றுள் எதனால் ஒத்தன என்று கேட்டால், பயன் என்றே விடை வரும். ஆனால் உலகுக்குப் பயன் உண்டு என்பதுதானே நிறுவப்பட வேண்டியது?

மணிமேகலையின் தருக்கப் பகுதி இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. மலையில் புகை கண்டு தீயைக் கருதுவதற்கு அடுக்களை எடுத்துக்காட்டாகிறது. அடுக்களையில் புகையும் தீயும் சேர்ந்திருக்கப் பலமுறை கண்ட பழக்கமே அக்கருதலுக்கு அடிப்படை. கடிகாரம் செய்வோரை மக்கள் கண்டிருக்கிறார்கள். உலகங்கள் செய்யப்படுவதைக் கண்டவர் எவர்? இருப்பது ஓர் உலகம். அதற்கு அடுக்களை இல்லை. ஹியூமின் வாதத்தின் உயிர்நாடி இதுவே.

அடுத்தது, சொல்லாமல் தாண்டப்படும் ஒரு படி. வாதம் முழுதும் வென்றாலும் கிடைப்பவன் யார்? 1781இல் இம்மானுவேல் கான்ட் சுட்டியதுபோல், இருக்கும் பொருளைக் கொண்டு வேலை செய்யும் தச்சன் கிடைக்கலாம். இன்மையிலிருந்து படைப்பவன் கிடைக்கமாட்டான். பல தச்சர்கள் கூடிச் செய்திருக்கலாம் என்றும், செய்தவன் பின் மறைந்திருக்கலாம் என்றும் ஃபிலோ குத்திக்காட்டுகிறான். கடிகாரத்திலிருந்து விவிலியத்தின் இறைவனை அடைய எந்தச் சக்கரமும் உதவாது. அந்த இடைவெளியைக் கேட்பவரின் பழைய நம்பிக்கையே நிரப்புகிறது. வாதமோ தானே நிரப்பியதுபோல் பெருமை கொள்கிறது.

ஆயினும் ஹியூமிடமும் ஒரு குறை இருந்தது. கண் எவ்வாறு வந்தது என்பதற்கு அவரிடம் தெளிந்த விடை இல்லை. கேம்பிரிட்ஜில் பேலியின் நூல்களை விரும்பிக் கற்ற சார்லஸ் டார்வின், 1859இல் அவ்விடையைத் தந்தார். கடிகாரமே தன்னைப்போல் இன்னொரு கடிகாரத்தை ஈன்றால் என்ன என்று பேலி கற்பனை செய்திருந்தார். அது செய்தவனின் திறத்தை இன்னும் உயர்த்துமென்று முடித்தார். ஈன்றவை சிறிது சிறிது வேறுபட்டு, அவற்றுள் பொருந்தியவை மிகுந்து பெருகினால் என்ன ஆகும் என்பதை அவர் எண்ணவில்லை. டார்வினின் கொள்கை அங்கேதான் தொடங்குகிறது. உவமை முறிந்த இடத்தில் அறிவியல் பிறந்தது.

முறிந்த உவமை மீண்டும் தளிர்த்ததும் உண்டு. 1996இல் அமெரிக்க உயிர்வேதியியலார் மைக்கேல் பீஹி கடிகாரத்தை விடுத்து எலிப்பொறியை எடுத்தார். ஓர் உறுப்பு குறைந்தாலும் பொறி எலி பிடிக்காது. உயிரணுவின் சில அமைப்புகளும் அத்தகையன. ஆகவே அவை படிப்படியாக வந்திருக்க இயலாது என்றார். ஆனால் ஓர் உறுப்பு முன்பு வேறு பணி செய்திருக்கலாம். பாலூட்டிகளின் செவிச் சிற்றெலும்புகளில் சில, ஒருகாலத்துத் தாடை எலும்புகளே. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், இவ்வாதத்தைச் சார்ந்த 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியலன்று என 2005 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைக் கேட்டுப் பிற சமயத்தார் எவரும் மகிழ்ந்துவிட இடமில்லை. குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒருவன் என்பது நியாய நூலாரின் வாதம். சைவ சித்தாந்தமும் குயவனை நிமித்த காரணத்துக்கு உவமை ஆக்கும். மண்ணின் திரிபு என்னும் ஒப்புமை ஒன்றே போதுமானால், கரையான் புற்றையும் குயவன் செய்தான் எனலாமே என்று பௌத்தப் பேரறிஞர் தருமகீர்த்தி கேட்டார். அயலான் வீட்டு உவமைக்கு இட்ட உரைகல், சொந்த வீட்டு உவமைக்கும் உரியதே.

இவை யாவும் இறைவன் இல்லை என்பதை நிறுவுவன அல்ல. ஒரு வாதம் தான் சொன்னதை நிறுவவில்லை என்பதை மட்டுமே காட்டுவன. கத்தோலிக்க அறிஞர் நியூமனே, நம்பிக்கை முன்னது, வடிவமைப்பைக் காணும் பார்வை பின்னது என்னும் கருத்தை 1870இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்நேர்மை போற்றத்தக்கது. நம்புபவன் கண்ணைக் கண்டு வியந்து பாடினால் அது கவிதை. அதை எவரும் மறுக்க வேண்டுவதில்லை. அதே உவமையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், குறுக்கு விசாரணைக்கும் அது உடன்படத்தான் வேண்டும். உவமை விளக்கும், நிறுவாது. இவ்வேறுபாட்டைக் காப்பதில் கவிஞருக்கே கடமை மிகுதி. ஏனெனில் கருவி அவர்களுடையது.