கடல் கடந்த சொற்கள்: மலாயும் இந்தியும்



மொழிப்போர் ஈகி நடராசனின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். கட்டாய இந்தியை எதிர்த்து 1938இல் சிறை சென்ற தலித் இளைஞர் அவர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் மறுத்தவர். 1939 ஜனவரி 15 அன்று காவலில் இருந்தபடியே சென்னை மருத்துவமனையில் உயிர்விட்டார். ஆகவே இந்தியைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

இன்று இந்தியோடு மலாயையும் சேர்த்துப் பார்க்கிறோம். கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு மலாய் எதற்கு என்று கேட்கலாம். அன்றைய தென்னார்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் நம் மக்கள் ஏராளம். அவர்கள் கரையிறங்கிய நாட்டின் மொழி மலாய். அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று வங்கியிலும் ரயிலடியிலும் எதிர்கொள்வது இந்தி.

இரண்டு மொழிகளுக்கும் பிறப்பில் உறவில்லை. இந்தி இந்தோ-ஆரியக் குடும்பம், மலாய் ஆஸ்திரோனேசியக் குடும்பம். இந்தியில் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று பார்க்கும். மலாயில் அவனுக்கும் அவளுக்கும் 'டியா' என்ற ஒரே சொல்தான். ஆனாலும் இரண்டும் ஒரே கடைகளில் கடன் வாங்கியவை. இந்தியில் 'பாஷா', மலாயில் 'பஹாசா': சமஸ்கிருதம் தந்தது. உலகத்துக்கு இரண்டிலும் 'துனியா': அரபி தந்தது.

அந்தக் கடன் சொற்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'வர்ண' என்றால் இந்தியில் நால்வருணம் வந்து நிற்கும். அதே சொல் மலாயில் 'வர்னா'. பொருள் வெறும் நிறம். சிவப்பும் வர்னா, பச்சையும் வர்னா. 'ஜாதி' இந்தியில் நாம் அறிந்த அதே சாதி. மலாயில் 'ஜாத்தி' என்றால் அசலானது, கலப்பில்லாதது. 'ஜாத்தி டிரி' என்றால் ஒருவரின் தன்னடையாளம். கடலைக் கடந்ததும் வருணம் சாயமாகிவிட்டது, சாதி அடையாளமாகிவிட்டது.

இன்னொன்று. 'சஹாய' என்ற சொல்லை நாம் சகாயம் என்கிறோம். இந்தியில் உதவியாளர் 'சஹாயக்'. மலாயில் இதே சொல் ஏவலாள், அடிமை என்ற பொருளில் வழங்கி, தேய்ந்து, 'சாயா' ஆயிற்று. இன்று அதற்குப் பொருள் 'நான்'. அமைச்சரும் ரப்பர் மரம் வெட்டுபவரும் தங்களைச் சொல்லிக்கொள்வது அந்த ஏவலாளின் சொல்லால்தான். இந்தியில் முன்னிலைக்கு 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகள். எந்தப் படியில் நம்மை நிறுத்துவார்கள் என்பது நமக்குத் தெரியும். தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? நம் தாத்தாக்களை ஊர்த்தெருப் பிள்ளைகள் 'வாடா, போடா' என்றது எந்த மொழியில்?

இப்படியெல்லாம் சொல்வதால் மலாய் சமத்துவ மொழி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அரசர் முன் பேச அதற்கும் தனிச்சொற்கள் உண்டு. 'பூமிபுத்ரா', மண்ணின் மைந்தன், என்ற சொல்லும் சமஸ்கிருதம்தான். அந்தச் சொல்லுக்குள் அடங்குவோருக்கு மலேசியாவில் தனிச்சலுகைகள் உண்டு. அந்த மண்ணில் ரப்பர் வளர்த்த நம் மக்கள் அதற்குள் அடங்குவதில்லை.

எல்லாச் சொல்லும் அழுக்கு நீங்கிக் கரையேறவும் இல்லை. நம் 'கூலி'யிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'குலி' மலாயிலும் இந்தியிலும் உண்டு. தமிழில் அது ஊதியம். அங்கே மனிதனே குலி. நம் சாதிப்பெயர் ஒன்று மலாயில் 'பாரியா' என்றாகி வசையானது. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வந்த 'இந்தர்லோக்' நாவல், 2011இல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடமானபோது, அதிலிருந்த இச்சொல்லை எதிர்த்து மலேசியத் தமிழர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவில் நூல் விலக்கப்பட்டது. போராட்டம் நியாயமானது. ஆனால் 'வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாதியல்ல' என்ற குரலும் அதில் கலந்திருந்தது. வசையை எதிர்ப்பது வேறு, வசைக்குள்ளானவரிடமிருந்து விலகி நிற்பது வேறு. நாம் முதலாவதன் பக்கம்.

ஏன் ஒரு சொல் கழுவப்படுகிறது, இன்னொன்று கறைபடுகிறது? வருணமும் ஜாதியும் அரசவையோடும் வணிகத்தோடும் போயின. அவற்றைக் காக்கும் அக்கிரகாரமும் ஊர்க்கட்டும் கூடப் போகவில்லை. கூலியும் பாரியாவும் நம் உடம்போடு போயின. கங்காணி ஊர்பார்த்து, சாதிபார்த்து ஆள் சேர்த்தார். தோட்டத்து லயன்களிலும் சேரி தொடர்ந்தது. ஆகவே இழிவு சொல்லில் இல்லை, சொல்லைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. இதற்குக் கடல்தாண்ட வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் 1970களின் நடுப்பகுதிவரை ஜாகிர்தார்கள் இருந்தார்கள். 'ஜாகிர்' பாரசீகச் சொல். அதன் பொருளை மலைமக்கள் அகராதியில் படிக்கவில்லை, சம்பளமில்லாத உழைப்பில் படித்தார்கள்.

எனவே நாம் எதிர்ப்பது இந்தித் திணிப்பை. ஓம்பிரகாஷ் வால்மீகி தன் 'ஜூட்டன்' என்ற தன்வரலாற்றை இந்தியில்தான் எழுதினார். 'தலித்' என்ற சொல்லே மராத்தியத்திலிருந்து நமக்கு வந்தது. நம் ஊர் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கும் பீகார்த் தொழிலாளியை 'இந்திக்காரன்' என்கிறோம். அவர் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மகதியாகவோ இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கு அவற்றை இந்திக்குள் போட்டுக்கொள்கிறது. நேற்று நாம் கப்பலில் போனோம், இன்று அவர் ரயிலில் வருகிறார். மலாயில் நமக்கு ஒட்டிய 'குலி'யை நாம் அவருக்கு ஒட்டக்கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மலேயா போய்வந்த குடும்பங்கள் இருந்தால், அவர்கள் கொண்டுவந்த சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு சொல். சமஸ்கிருதத்தில் 'மஹர்த்திக' என்றால் பெருஞ்செல்வமும் வலிமையும் உடையவன். தென்கிழக்காசியாவில் அதிலிருந்து வந்த சொல் விடுவிக்கப்பட்ட அடிமையைக் குறித்தது. 1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூரில் ஒரு நாடே அதைச் சொல்லி முழங்கியது: 'மெர்டேக்கா', விடுதலை. சீமானின் சொல்லை அடிமை எடுத்துக்கொண்டு விடுதலையாக மாற்ற முடியும். அந்த வேலை நம் மொழியில் இன்னும் பாக்கியிருக்கிறது.

ஜெய்பீம்.