நிற்காமல் ஓடும் கணினி: ஆருக்காக, ஆற்ற கறண்டில?

(ஈஸ்ட் ஹாமில் நடந்த எங்கள் மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



வாடகை, விசா, வேலைநிறுத்தம் எண்டு ஒவ்வொரு மாசமும் கதைக்கிறம். இண்டைக்கு நான் கதைக்கப் போறது ஒரு கணினிப் பெட்டியைப் பற்றி. சிரிக்காதேங்கோ. கடைசியில அதுவும் வாடகையிலயும் கறண்ட் பில்லிலயும்தான் போய் நிக்கும்.

போன வருசக் கடைசியில ஒரு திட்டம் போட்டன். என்னட்ட ஒரு பழைய கேமிங் கணினி இருக்கு. அதுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் ஒண்டைப் பூட்டி, தண்ணியால குளிர வைக்கிற ஏற்பாட்டையும் செய்து, வருசம் முழுக்க இரவு பகலா ஓட விடுறது. விளையாடுறதுக்கில்லை, விஞ்ஞானக் கணக்குகளுக்கு. ஒரு பெரிய கணக்கைப் பல்லாயிரம் துண்டாக்கி, உலகம் முழுக்க இருக்கிற சனங்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவினம். ஒவ்வொரு கணினியும் தன்ர துண்டைச் செய்து திருப்பி அனுப்பும். ஊரில வாய்க்கால் துப்பரவாக்க வீட்டுக்கு ஒராள் மண்வெட்டியோட வாறது போல. கணினியால செய்யிற சிரமதானம் எண்டு நான் அதைச் சொல்லுவன்.

சாமான் பட்டியலை மேசையில வைச்சிட்டுப் போனன். அம்மா அதைப் பாத்திட்டா. பம்ப், குழாய், றேடியேற்றர்.

"தம்பி, தண்ணியையும் கறண்டையும் ஒரு பெட்டிக்குள்ள விடப் போறியோ?"

"ஓம் அம்மா, பாதுகாப்பாத்தான்."

"உது ஆருக்கு ஓடப் போகுது? ஆர் காசு கட்டுறது?"

அம்மா 1990இல் யாழ்ப்பாணத்தில இருந்தவ. அந்த வருசம் குடாநாட்டுக்குக் கறண்ட் நிண்டது. பொருளாதாரத் தடையில மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில படிச்சவ அவ. செய்தி கேக்க வேணுமெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைக் கையால சுத்த, டைனமோவில றேடியோ பாடும். சுத்துற கை நிண்டா செய்தியும் நிக்கும். ஒரு யூனிற் கறண்டுக்குப் பின்னால ஒரு கை இருக்கு எண்டு அவவுக்குத் தெரியும். எனக்கு அது தெரியாது. நான் சுவிச்சைத் தட்டி வளர்ந்தவன். அதனால அந்த ரெண்டு கேள்விக்கும் ஒழுங்கா மறுமொழி தேடுவம் எண்டு இருந்தன். தேடினதைத்தான் உங்களோட பகிர வந்தனான்.

ஆருக்கு ஓடுது?

இந்தச் சிரமதானத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 1999 மே 17இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் செற்றி அற் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. அரெசிபோ தொலைநோக்கி பிடித்த வானொலி இரைச்சலுக்குள் வேற்றுக்கோள் உயிர்களின் சமிக்ஞை ஏதும் இருக்கிறதா என்று தேடுவது வேலை. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதில் இருந்து பிறந்த பொயிங்க் என்ற மென்பொருள் இன்றைக்கும் பல திட்டங்களுக்கு அடித்தளம்.

எங்களுக்குக் கிட்டத்தில இருக்கிறது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிளைமேற்பிரடிக்‌ஷன் திட்டம், 2003இல் தொடங்கியது. ஒரே காலநிலை மாதிரியைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்ப்பது அவர்களின் வழி. 2013–14 குளிர்காலத்தில் தென் இங்கிலாந்து வெள்ளத்தில் மிதந்ததே, சொமர்செற் தாழ்நிலங்கள் வாரக்கணக்கா தண்ணிக்குள்ள கிடந்ததே, நினைவிருக்கா? அந்த மழையை எடுத்து இரண்டு உலகங்களை ஓட்டினார்கள். ஒன்று எங்கட உலகம். மற்றது மனிதர் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கக்கூடிய உலகம். 130,000க்கு மேற்பட்ட ஓட்டங்கள், எல்லாம் சாதாரண சனத்தின் கணினிகளில். அப்படிப்பட்ட ஜனவரி மழைக்கான வாய்ப்பை மனிதர் உண்டாக்கிய சூடாதல் கூட்டியிருக்கிறது என்று 2016இல் முடிவு வந்தது. "மழை எப்பவும் பெய்யிறதுதானே" எண்டு சொல்லுற அமைச்சருக்கு முன்னால வைக்கக்கூடிய கணக்கு அது.

ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. கணக்கு எப்பவும் எங்களுக்குப் பிடிச்ச மறுமொழியைத் தராது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுங்கோ. தாம்பரத்தில ஒரு நாளில 49 சென்ரிமீற்றர் மழை. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்திருந்த ஒரு சர்வதேசக் குழு அதை ஆராய்ந்தது. அந்த ஒருநாள் மழையில் பூமி சூடானதன் கையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். காற்றில் நிறைந்திருக்கும் புகைத் துகள்கள் அந்த விளைவை இதுவரை அமுக்கி வைத்திருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். முதல்ல வாசிச்சபோது எனக்கு ஏமாற்றம். பிறகு யோசிச்சன். இது உண்மையில் கூர்மையான மறுமொழி. "எல்லாம் காலநிலை மாற்றம், நாங்கள் என்ன செய்யிறது" எண்டு கையை விரிக்க ஆட்சியாளருக்கு இனி இடமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கட்டிடம் எழும்ப விட்டது ஆர்? அடையாற்றங்கரையை விழுங்க விட்டது ஆர்? செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை எப்ப, எவ்வளவு திறந்தது? கேள்வி அங்கதான் போகுது.

மருந்துப் பக்கமும் ஒரு கதை. 2000ஆம் ஆண்டு ஸ்ரான்போர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அற் ஹோம், புரதங்கள் எப்படி மடியும், அசையும் என்று கணிக்கும் திட்டம். 2020 மார்ச்சில் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது இலட்சக்கணக்கானோர் புதிதாகச் சேர்ந்தார்கள். அந்த வலையின் வேகம் எக்ஸாஃப்ளொப்பைத் தாண்டியது. அதாவது விநாடிக்குக் கோடி கோடியாய்ப் பத்தாயிரம் தரம் கணக்குப் போடும் வேகம். அந்த உழைப்பில் ஒரு பங்கு கோவிட் மூன்ஷொட் என்ற முயற்சிக்குப் போனது. ஒக்ஸ்போர்ட்ஷயரில் இருக்கும் டயமண்ட் ஆய்வுகூடம் வைரசின் புரதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தது, உலகம் முழுக்க இருந்த வேதியியலாளர்கள் யோசனை தந்தார்கள், முடிவுகளைக் காப்புரிமைப் பூட்டுப் போடாமல் திறந்து வைத்தார்கள். தடுப்பூசிக் காப்புரிமைக்கு எதிரா நாங்கள் பதாகை பிடிச்ச அதே காலம்.

அப்ப அம்மாவின்ர முதல் கேள்விக்கு மறுமொழி: அது திட்டத்தைப் பொறுத்தது. சேர முதல் மூண்டு விசயத்தைக் கேளுங்கோ. முடிவுகள் எல்லாருக்கும் திறந்திருக்குமா? ஆர் நடத்தினம்? பிழை விட்டா ஒத்துக்கொள்ளுவினமா? கடைசிக் கேள்வி சும்மா கேக்கேல்லை. 2006இல் பிபிசியோடு சேர்ந்து கிளைமேற்பிரடிக்‌ஷன் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கியது. இரண்டு மாதம் போன பிறகு, காற்றில் மிதக்கும் துகள்கள் பற்றிய ஒரு தரவுக் கோப்பில் பிழை என்று தெரிய வந்தது. மூடி மறைக்கவில்லை. ஆட்களுக்குச் சொல்லி, திரும்ப முதலில் இருந்து தொடங்கினார்கள். எத்தனை வீட்டுக் கறண்ட் வீணாப் போச்சு. ஆனா நேர்மை வீணாப் போகேல்லை.

ஆர் காசு கட்டுறது?

இப்ப கணக்குக்கு வருவம். என்ர திட்டத்துப் பெட்டி முழு வேகத்தில 400 வாற் இழுக்கும். ஒரு நாளுக்கு 9.6 யூனிற். வருசத்துக்கு 3,504 யூனிற். யூனிற் 25 பென்ஸ் எண்டு வைச்சா 876 பவுண். இந்த நாட்டில ஒரு சாதாரண குடும்பம் வருசத்துக்குப் பாவிக்கிறது 2,700 யூனிற் எண்டு 2023இல ஒஃப்ஜெம் கணக்கு வைச்சது. அதாவது ஒரு முழுக் குடும்பத்தை விட என்ர பெட்டி கூடக் குடிக்கும்! முன்கூட்டிக் காசு போடுற மீற்றரில இருக்கிற குடும்பங்கள், பத்துப் பவுணைப் போட்டிட்டு ஹீற்றரைப் போடுறதா விடுறதா எண்டு யோசிக்கிற தெருவில, நான் இதைச் செய்யப் போறன்.

தண்ணிக் குளிரூட்டல் இதைக் குறைக்காதா எண்டு கேப்பியள். குறைக்காது. நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். தண்ணி சூட்டை இல்லாமல் செய்யிறேல்லை, இடம் மாத்துது. சிப்புக்கு மேல ஒரு செப்புக் கட்டி. அதுக்குள்ளால தண்ணி ஓடி, சூட்டை வாங்கி, றேடியேற்றருக்குக் கொண்டு போகும். அங்க விசிறி அதை றூமுக்குள்ள ஊதும். தண்ணி சூட்டை நல்லாத் தாங்கும். நிமிசத்துக்கு ஒரு லீற்றர் ஓடினா, 400 வாற் சூட்டை வாங்கியும் தண்ணி ஆறு பாகைகூட ஏறாது. அதனால சிப் குளிரா இருக்கும், விசிறிச் சத்தம் குறையும். ஆனா அந்த 400 வாற்றும் கடைசியில வந்து நிக்கிறது என்ர படுக்கையறையிலதான். ஒரு சின்ன ஹீற்றர் நிற்காமல் எரியிறதுக்குச் சமம். 2022 யூலை 19, ஹீத்ரோவில 40 பாகையைத் தாண்டின நாளில, மேல்மாடி பிளற்றில அப்பிடி ஒரு பெட்டி ஓடினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆபத்தும் இருக்கு. செப்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில கலந்தா அரிப்புப் பிடிக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாசி பிடிக்காத மருந்தும் வேணும். கணினிக்குக் கறண்ட் குடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, கடதாசி விரிச்சு ஒழுக்குப் பாக்க வேணும். நிற்காமல் ஓடினா பம்ப் ஒரு நாளைக்குத் தேயும். ஆளில்லாத நேரம் ஒழுகினா கீழ் வீட்டுக்காரற்ற கூரையில இறங்கும். எக்ஸ்ரென்சனில எக்ஸ்ரென்சன் பூட்டக் கூடாது. புகை எச்சரிக்கை மணி இல்லாத வீட்டில இதைத் தொடவே கூடாது.

இதைச் சொல்லேக்க கிரென்ஃபெல் ஞாபகம் வருது. 2017 யூன் 14, ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில தொடங்கின தீ. 72 பேர். அந்தப் பெட்டியை வைச்சிருந்தவரில பிழை இல்லை. கட்டிடத்தைச் சுத்தி எரியிற தகட்டை ஒட்டினவையும், குடியிருந்தவையின்ர எச்சரிக்கையைக் காதில வாங்காதவையும்தான் பொறுப்பு. ஆனா எங்கட கட்டிடங்கள் எப்பிடிக் கட்டப்பட்டிருக்கு எண்டு தெரிஞ்ச பிறகு, எங்கட அயலாருக்கு நாங்களும் ஒரு கடமை பட்டிருக்கிறம்.

கறண்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. சுன்னாகத்தில மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளுக்குள்ள இறங்கினது உங்களுக்குத் தெரியும். சனங்கள் போராடி, 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேணும் என்று தீர்ப்பளித்தது. இங்க மேற்கு லண்டனில வேற வடிவம். ஹிலிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோவில தரவு மையங்கள் மின்வலையின் கொள்ளளவைப் பிடித்துக்கொண்டதால், பெரிய வீட்டுத் திட்டங்கள் புதிய இணைப்புக்கு 2035 வரை காத்திருக்க நேரலாம் என்று 2022இல் மாநகர நிர்வாகமே சொன்னது. வீட்டுக்குப் பதிவு செய்து வருசக்கணக்காக் காத்திருக்கிற எங்கட சனம் வாழுற இடங்கள் அவை. ஆக, கணிக்கும் சக்தி ஆற்ற கையில இருக்கு எண்டதும் ஒரு வர்க்கக் கேள்விதான்.

நான் என்ன முடிவெடுத்தன்

திட்டத்தைக் கைவிடேல்லை. மாத்தியிருக்கிறன்.

தண்ணிக் குழாயை விட்டிட்டன். கிராஃபிக்ஸ் கார்ட்டின் மின் வரம்பை 30 வீதம் குறைச்சுப் பாத்தன். வேகம் பத்து வீதம் அளவிலதான் விழுந்தது. அந்த நிலையில நல்ல காத்து விசிறியே போதும். முழுப் பெட்டியும் இப்ப 250 வாற்றுக்குள்ள நிக்குது. நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும், நாளுக்கு 12 மணித்தியாலம், நாங்கள் இருக்கிற முன் அறையில, அங்க இருந்த மின் ஹீற்றருக்குப் பதிலா. 453 யூனிற், 113 பவுண். எங்கட வீட்டில கறண்டாலதான் சூடாக்கிறம். அதால அந்த 113 பவுணில பெரும்பங்கு எப்பிடியும் செலவாகிற காசு. உங்கட வீட்டில காஸ் சூடாக்கி இருந்தா இந்தக் கணக்குப் பொருந்தாது. காஸ் யூனிற்றுக்கு நாலில ஒரு பங்குதான் விலை. ஏமாறாதேங்கோ.

"நிற்காமல் ஓடினாத்தானே பிரயோசனம்?" எண்டு கேட்டவை இருக்கினம். இல்லை. காலநிலை ஓட்டங்கள் நீளமானவை, ஆனா இடைக்கிடை சேமிச்சுக்கொண்டு போகும். நிப்பாட்டித் தொடரலாம். எந்த மணித்தியாலத்தில ஓட வேணும், எவ்வளவு வேகத்தில எண்டு பொயிங்கிலயே அமைக்கலாம். "எனக்கு இத்தனை புள்ளி" எண்டு பட்டியலில மேல ஏறுற ஆசைதான் எங்களை இருபத்து நாலு மணித்தியாலத்துக்குத் தள்ளுது. சிரமதானத்தில ஆர் கூட மண் வெட்டினது எண்டு போட்டி வைச்சா, வாய்க்கால் மறந்து போகும்.

கூட்டா ஒரு யோசனையும் வைக்கிறன். தனித்தனியா ஒவ்வொரு வீட்டிலயும் பெட்டி வைக்கிறதை விட, நாங்கள் குளிர்காலத்தில கூடுற அறையில ஒண்டை வைப்பம். கறண்ட் மீற்றர் ஒண்டைப் பூட்டி, ஒவ்வொரு மாசமும் எத்தனை யூனிற், எவ்வளவு காசு, எந்தத் திட்டத்துக்குப் போனது எண்டு இந்த மடலிலயே போடுவம். காசு உழைக்கிறவை கூடக் கட்டலாம். மாணவர் கட்டத் தேவையில்லை. அதோட பெரிய கேள்வியை விடக் கூடாது. ஓல்ட் ஓக், பார்க் றோயல் பகுதியில தரவு மையங்களின் கழிவுச் சூட்டை 10,000 வரையான வீடுகளுக்குக் கொண்டுபோக 2023இல் அரசு 3.6 கோடி பவுண் ஒதுக்கியது. எங்கட கவுன்சிலில ஒரு தரவு மையத்துக்கு அனுமதி கேக்கேக்க, அந்தச் சூடு ஆற்ற வீட்டுக்கு வரும் எண்டு கேள்வி கேக்கிற ஆக்களா நாங்கள் இருக்க வேணும்.

இப்ப பின்னேரத்தில அம்மா அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருக்கிறா. கால் விறைக்கிறேல்லையாம். போன கிழமை கேட்டா, "இப்ப எந்த ஊர் மழையைக் கணக்குப் பாக்குது?" எண்டு.

அடுத்த சந்திப்புக்கு வரேக்க உங்கட கடைசி கறண்ட் பில்லைக் கொண்டு வாங்கோ. சேர்ந்து கணக்குப் பாப்பம்.