மெஜாரிட்டி கணக்கும் நம்ம ரெண்டு தொகுதியும்

(கிராமக் கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பால் கறக்கிற நேரத்துல கூட்டம் போட்டுட்டீங்களேன்னு பெரியவர் ஒருத்தர் கோபிச்சுக்கிட்டார். அவர் சொல்றது நியாயம்தான். ஆனா ராத்திரியானா குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் பன்னி காவல் போகணும், காலையில தக்காளி பறிக்கணும். நம்மள எல்லாம் ஒண்ணா உட்கார வைக்க வேற நேரம் கிடைக்கல. அதனால பொறுத்துக்கிட்டுக் கேளுங்க.

டீக்கடையில எந்நேரமும் ஒரே பேச்சு. இந்தக் கட்சி மறுபடி மெஜாரிட்டி பிடிக்குமா, அந்தக் கட்சி தேறுமா, யாரோட யார் சேர்ந்தா எத்தனை சீட்டு? நாமும் அதில் வாய் வைக்கிறோம், தப்பில்லை. நமது சங்கம் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிப்பதில்லை, ஆனால் கட்சிகளின் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஏனென்றால் ஒரு கட்சி இழந்த பெரும்பான்மையை மீட்டுக்கொண்ட கதை நம்ம மண்ணிலேயே நடந்தது. அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அந்தக் கணக்கில் இருந்தன. அந்தக் கணக்கு முடியும் வரை நமக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

2016 தேர்தலில் ஜெயலலிதா தலைமையில் அ.தி.மு.க. ஜெயித்தது. அந்த வருடம் டிசம்பர் 5-ம் தேதி அவர் இறந்தார். கட்சி உடைந்தது. 2017 பிப்ரவரி 18-ம் தேதி சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டு கேட்டார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஓ. பன்னீர்செல்வம் அணியினர். ஆகஸ்டில் ரெண்டு அணியும் ஒண்ணாச்சு, பன்னீர்செல்வம் துணை முதல்வர் ஆனார். உடனே தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரை செப்டம்பர் 18-ம் தேதி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். சபையிலேயே எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேருக்குப் பதவி போகல. கடிதம் கொடுத்த 18 பேருக்குப் போச்சு. சட்டம் படிச்சவங்க இதுக்கு ஆயிரம் விளக்கம் சொல்வாங்க, நம்ம அறிவுக்கு இன்னும் எட்டல.

அந்த 18 பேரில் ரெண்டு பேர் நம்ம மாவட்டம். அரூர் முருகன், பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பன்.

இங்கதான் கணக்கைக் கவனிக்கணும். சட்டமன்றத்தில் மொத்தம் 234 இடம். பாதி 117, மெஜாரிட்டிக்கு 118 வேணும். ஆனால் 18 நாற்காலி காலியானால் மிச்சம் 216 பேர்தான். இப்போ 109 இருந்தாலே போதும். பத்துப் பங்குக் கூட்டுக் கிணறு ஒண்ணு இருக்குன்னு வையுங்க. மோட்டார் யார் போடறதுன்னு தகராறு. நம்ம பக்கம் அஞ்சு பேர், எதிர்ப் பக்கம் அஞ்சு பேர். எதிர்ப் பக்கத்துல ரெண்டு பேரை 'நீ பங்காளியே இல்ல'ன்னு எழுந்து போகச் சொல்லிட்டா, நாம ஒரு ஆளைக்கூட புதுசா சேர்க்க வேண்டியதில்லை, நமக்குத்தான் மெஜாரிட்டி. அதே வேலைதான் நடந்தது. ஆள் சேர்த்து ஜெயிக்கல, மொத்த எண்ணிக்கையைக் குறைச்சு ஜெயிச்சாங்க.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நம்பிக்கை ஓட்டெடுப்பு நடத்தத் தடை, காலியான இடங்களுக்குத் தேர்தல் நடத்தவும் தடை. 2018 ஜூன் 14-ம் தேதி ரெண்டு நீதிபதிகள் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ம் தேதி, சபாநாயகர் செய்தது சரி என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-ல்தான் வந்தது, முடிவு மே 23-ல். ஆக 20 மாதம் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் எம்.எல்.ஏ. கிடையாது.

எம்.எல்.ஏ. இருந்தா மட்டும் என்ன கிழிச்சுட்டாரு என்று பின்னாலே ஒரு தம்பி கேட்கிறார். கேளு தம்பி, அந்த 20 மாதத்துக்குள்ளே என்ன வந்தது என்று ஞாபகம் இருக்கா? எட்டு வழிச் சாலை வந்தது. சென்னை – சேலம் 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம். அதில் நம்ம மாவட்டத்தில் 56 கிலோமீட்டர். எங்கே? தீர்த்தமலைப் பக்கம் தொடங்கி மஞ்சவாடிக் கணவாய் வரைக்கும். எம்.எல்.ஏ. இல்லாத அதே ரெண்டு தொகுதிக்குள்ளே!

2018 கோடையில் அளவைக்காரர்கள் போலீசோடு வந்தார்கள். தென்னந்தோப்பிலும், மஞ்சள் காட்டிலும், கிணற்று மேட்டிலும் கல் நட்டார்கள். நம்ம பெண்கள் கல்லைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? எம்.எல்.ஏ. நாற்காலி காலி. சரி, பஞ்சாயத்துத் தலைவரிடம் போகலாம் என்றால் அதுவும் காலி. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது, கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூணு வருஷம் தனி அலுவலர் ஆட்சி. வார்டு மெம்பர் கூட இல்லை. கிராம சபைத் தீர்மானத்தில் தலைவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அரசாங்கத்தில் சம்பளம் வாங்குபவர் கையெழுத்து. சம்பளம் கொடுக்கிற அரசாங்கத்தின் ரோட்டை எதிர்த்து அவர் தீர்மானம் எழுதுவாரா? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களில் பதவியில் மிச்சம் இருந்தவர் ஒரு எம்.பி. மட்டும்தான். அப்போது அந்த இடத்தில் இருந்த அன்புமணி ராமதாஸ் நீதிமன்றம் போனார், விவசாயிகளும் போனார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் சட்டமன்றத்தில் எழுந்து நின்று 'என் தொகுதியில் இந்த சர்வே நம்பரில் கல் நட்டிருக்கிறார்கள்' என்று சொல்ல ஒரு வாய் இல்லை. மெஜாரிட்டியைக் காப்பாற்ற நாற்காலியைக் காலி செய்தார்கள், அந்த நாற்காலி நம்முடையது.

2019 ஏப்ரல் 8-ம் தேதி உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. வருவாய்ப் பதிவேட்டில் மாற்றியதை எல்லாம் பழையபடி திருத்தச் சொன்னது. சரியாகப் பத்து நாள் கழித்து ஓட்டுப்பதிவு. அப்போ என்ன ஆகியிருக்கணும்? ரோட்டை ஆதரித்துப் பேசிய ஆளுங்கட்சி நம்ம ரெண்டு தொகுதியிலும் தோற்றிருக்கணும், இல்லையா? அதுதான் இல்லை. அரூரில் வே. சம்பத்குமாரும் பாப்பிரெட்டிப்பட்டியில் கோவிந்தசாமியும் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் சில பூத்துகளுக்கு மறு ஓட்டுப்பதிவு வைக்கிற அளவுக்குப் போய்த்தான் முடிந்தது. அதே நாளில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தர்மபுரியில் தி.மு.க. செந்தில்குமார், அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற அன்புமணியை எழுபதாயிரம் ஓட்டுக்கு மேல் தோற்கடித்தார். கல்லை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் தோற்றார், கல் நட்ட அரசாங்கத்தின் கட்சி ரெண்டு தொகுதியிலும் ஜெயித்தது. வெளியூர்க்காரன் கேட்டால் தலை சுற்றும்.

நமக்குச் சுற்றவில்லை. அன்றைக்கு நம்ம ஆட்களே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறது. 'டெல்லிக்கு ஒரு கோபம் காட்டணும், காட்டிட்டோம். ஆனா சென்னையில இன்னும் ரெண்டு வருஷம் இவங்கதான். ரெண்டு வருஷமா ஆளில்லாமக் கிடந்தோம், இப்ப எதிர்க்கட்சி ஆளை அனுப்பிச்சா சொசைட்டிக் கடனும் வராது, ரோடும் வராது.' இதைத் தப்பு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கஞ்சிக்கு இருக்கிறவன் போடுகிற கணக்கு அது. பா.ம.க. ஓட்டு சேர்ந்தது, ஆளுங்கட்சியின் கை நீளம், எல்லாம் உண்டு. ஆனாலும் அடிப்படை இந்தக் கணக்குதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நம்ம ரெண்டும் எவ்வளவு பெரிய ரெண்டு என்று பாருங்கள். அந்த வருடம் மொத்தம் 22 இடத்துக்கு இடைத்தேர்தல். அ.தி.மு.க. கையில் சபாநாயகரையும் சேர்த்து 114. தி.மு.க. 13 ஜெயித்தது, அ.தி.மு.க. 9 ஜெயித்தது, தினகரன் கட்சிக்கு ஒன்றும் இல்லை. 114-ம் 9-ம் 123. நம்ம ரெண்டு இல்லாவிட்டாலும் 121 இருக்கே, ஆட்சி நிற்குமே என்று சொல்லலாம், காகிதத்தில் அது சரி. ஆனால் அந்த 114-ல் மூணு பேர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற தோழமைக் கட்சிக்காரர்கள். இன்னும் மூணு பேர் தினகரன் பக்கம் சாய்ந்தார்கள் என்று சபாநாயகரே நோட்டீஸ் விட்டிருந்தார். அந்த ஆறு பேரும் கைவிட்டால் 117. அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் போயிருந்தால் 115. அவ்வளவு மெல்லிய கயிற்றில்தான் ஆட்சி தொங்கியது. கயிற்றில் ரெண்டு புரி நம்முடையது.

அப்படிப்பட்ட புரியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன கேட்டு வாங்கினோம்? ஒகேனக்கல் உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றுங்கள் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிக்கத்தான், வயலுக்கு இல்லை. இடைத்தேர்தல் முடிந்து அஞ்சு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில் கூட இந்தத் தண்ணீருக்காக மாவட்டத்தில் அரை நாள் கடையடைப்பு நடந்தது. ஆட்சியே நம்ம ஓட்டில் நின்ற அந்த ஒரு மாதத்தில், ஓட்டுக்கு முன்னாலே எழுத்தில் வாங்காமல் விட்டோம். கட்சிக்காரரைக் குறை சொல்வதற்கு முன் சங்கம் தன்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நாங்களும் அன்றைக்குக் கல்லைப் பிடுங்குவதிலேயே நின்றுவிட்டோம்.

கேட்டால் கிடைக்குமா என்றால், கிடைத்திருக்கிறது. 2003-ல் ஜெயலலிதா அரசு விவசாயத்துக்கு இலவச கரண்ட்டை நிறுத்தியது. பம்புசெட்டுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அப்போது சட்டமன்றத்தில் அவர்களுக்குத் தனி மெஜாரிட்டி, யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39-ம் போனது. அதே மே மாதம் இலவச கரண்ட் திரும்பி வந்தது. எந்த மனுவுக்கும் அசையாதது ஓட்டு எண்ணிய கையோடு அசைந்தது. 2006-ல் தி.மு.க. 96 இடம்தான் ஜெயித்தது, 118 இல்லை. காங்கிரஸ் 34-ஐ நம்பி ஆட்சி. பதவி ஏற்ற மேடையிலேயே கருணாநிதி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார், சுமார் 6,866 கோடி. தேர்தல் வாக்குறுதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெஜாரிட்டி இல்லாத அரசாங்கத்துக்குக் காது நன்றாகக் கேட்கிறது. 2017-ல் மட்டும் ஏன் கேட்கவில்லை? 2006-ல் குறைந்த எண்ணிக்கைக்கு வெளியே போய் ஆதரவு தேட வேண்டியிருந்தது. 2017-ல் நம்ம நாற்காலியைக் காலி செய்தே சரிக்கட்டிவிட்டார்கள், நம்மிடம் வரத் தேவையே இல்லாமல் போனது.

தேர்தல் நெருங்கினால் மறுபடி காது திறக்கும். 2021 பிப்ரவரி 5-ம் தேதி எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார், 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு. நம்ம மாவட்டம் நன்றி காட்டியது. ஐந்து தொகுதியும் அந்தக் கூட்டணிக்கே, மூணு அ.தி.மு.க., ரெண்டு பா.ம.க. ஆனால் மாநிலத்தில் அ.தி.மு.க. 66-ல் நின்றது, தி.மு.க. தனியாகவே 133. ஒரு மாவட்டத்தின் ஓட்டு மட்டும் ஆட்சியை மீட்டுத் தராது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். ரோடு விஷயமும் முடிந்துவிடவில்லை. 2020 டிசம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது, பதிவேட்டில் முன்கூட்டியே பெயரை மாற்றியது மட்டும் செல்லாது என்றது. அதனால் அடங்கலை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்கள்.

இப்போ சங்கம் வைக்கிற கோரிக்கைக்கு வருகிறோம். காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. கட்சி தாவல் புகாரை சபாநாயகர் சாதாரணமாக மூணு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கு என்று போய்விட்டால் எத்தனை மாதமும் இழுக்கலாம் என்பதை நாம் அனுபவித்துவிட்டோம். ஆகவே நாம் கேட்பது இது. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, எம்.எல்.ஏ.வோ பஞ்சாயத்துத் தலைவரோ இல்லாத காலத்தில், அந்தப் பகுதியில் பட்டா நிலத்தை எடுக்கும் அளவைப் பணி எதுவும் நடக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த தலைவர் உட்கார்ந்து கிராம சபை கூடிய பிறகு வந்து அளக்கட்டும்.

இதைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் வைக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும், உபரி நீரும் இந்தத் தீர்மானமும் ஒரே தாளில் இருக்கிறது, கீழே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட மாட்டேன் என்றால் அவர் பெயரையும் தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2018-ல் கல் நட்ட நிலத்துக்காரர்கள் நோட்டீஸ் நகல், சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மொத்தமாகப் போகிறோம். தாள்கள் மேஜை மேல் இருக்கின்றன. பால் கறக்கப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.