என்ன கடை வேணும் எண்டு ஆர் கேக்கினம்?

(ஸ்காபரோவில் வாடகைக் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டட நிறுவனங்கள் கூட்டம் வைக்கேக்கை ஒரு பலகையை நிறுத்தி, கையில ஒட்டுத்தாள் தருவினம். "உங்கட பகுதிக்கு என்ன வேணும்? எழுதி ஒட்டுங்கோ." எங்கட சனம் எழுதுறது பெரிசா ஒண்டுமில்லை. நடந்து போற தூரத்தில ஒரு மரக்கறிக் கடை. மருந்துக்கடை. பனிக்காலத்தில வயசானவை இருந்து கதைக்க ஒரு சூடான இடம். கழிப்பறை.

இதுகள் ஏன் இவ்வளவு காலமும் இல்லை? 1960, 70களில் இந்த அடுக்குமாடிகளைக் கட்டினவை, எல்லாரும் காரில போய் வருவினம் எண்டு நினைச்சுக் கட்டினவை. சுத்திப் புல்வெளி, வாகனத் தரிப்பிடம். பெரும்பாலான இடங்களில் கீழ்த்தளத்தில கடை போட நகரசபை விதியே இடம் தரேல்லை. பிறகு அந்த விதி தளர்ந்தது. ஆனா அனுமதி வேறை, கடை வேறை. கட்டட முதலாளி மனம் வைச்சாத்தான் கதவு திறக்கும்.

கேட்டது கிடைச்ச இடமும் இருக்கு. ரொறன்ரோ நகர மையத்துக்குக் கிழக்கே ரீஜன்ட் பார்க். 1940களின் கடைசியில் கட்டத் தொடங்கிய அரச குடியிருப்பு. உள்ளே தெருக்களை மூடி, வீடுகளை மட்டும் வைச்சவை, கடை இல்லை. 2005இல் இடிச்சுக் கட்டத் தொடங்கிச்சினம். சுப்பர் மார்க்கெட் வந்தது, வங்கி வந்தது. 2012இல் நல்ல நீச்சல் தடாகமும் வந்தது. நான் அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டன், சனம் பல வருசம் கேட்டது அது. ஆனா அதுகளோட சேர்ந்து விற்பனைக்கான கொண்டோக்களும் எழும்பின. பழைய குடியிருப்பாளருக்குத் திரும்பி வாற உரிமை எழுத்தில இருந்தது. அது இல்லாட்டி அந்தக் கடைகள் ஆருக்கு?

இங்கதான் எங்கட பிரச்சினை. ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறின வீடுகளுக்கு வருடாந்த வாடகை உயர்வு வரம்பு இல்லை. கடை வாடகைக்கோ எந்தக் காலத்துக் கட்டடத்திலையும் வரம்பு இல்லை. பிளாசாவை இடிக்கப் போறம் எண்டால், பல குத்தகைகளில் இருக்கிற ஒரு வரியைக் காட்டிக் கடைக்காரரை எழுப்பலாம். இடியப்பம் விக்கிற அக்காவுக்குப் புதுக் கண்ணாடிக் கட்டடத்தின்ர கீழ்த்தளம் கட்டுமோ? அங்க கோப்பிக் கடைச் சங்கிலிதான் வரும். "கடை வந்திட்டுது" எண்டு பலகையில சரி போடுவினம்.

தோர்ன்கிளிஃப் பார்க் பெண்கள் வேறை மாதிரிச் செய்தவை. கவனிப்பாரற்றுக் கிடந்த பூங்காவில தாங்களே குழு சேர்ந்து, சந்தை வைச்சு, நகரசபையோட இழுபட்டு, ரொட்டி சுடத் தந்தூர் அடுப்பும் வைச்சவை. பூங்காவில அடுப்போ எண்டு அதிகாரிகள் முழிச்சிருப்பினம்! ஆனா அந்தப் பூங்கா பொது நிலம். எங்களுக்கு முன்னால இருக்கிறது தனியார் நிலம், அங்க சந்தை போட்டால் காவலாளிதான் வருவார்.

அதால அடுத்த கூட்டத்தில ஒட்டுத்தாளில கடையின்ர பேரை மட்டும் எழுதாதேங்கோ. இப்ப இருக்கிற கடைக்காரர் அதே வாடகைக்குத் திரும்பி வரலாமோ? இடிக்கிற வீட்டுக்காரர் திரும்பி வரலாமோ? இதையும் எழுதி, நகரசபை உறுப்பினருக்கு முன்னால வாசிப்பம். பிளாசாக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டேலாது எண்டுவினம், கூட்டத்தை எட்டுக்கு வைக்கச் சொல்லுவம்.