அலைத்தடுப்பு வளர்த்த ஹோட்டல்

கொழும்பு காலிமுகத்திடலின் தென்கோடியில் நிற்கும் கால் ஃபேஸ் ஹோட்டலின் புகழுக்குக் கடற்காட்சியே காரணம் என்பார்கள். அழகான கடல் இலங்கையில் எங்குதான் இல்லை? இந்த ஹோட்டலை வளர்த்தது துறைமுகம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின்னும் பெரிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் தங்கின; கொழும்பில் தென்மேற்குப் பருவக் கடலுக்குத் தடுப்பில்லை. 1875இல் அடிக்கல் நாட்டிய அலைத்தடுப்புச் சுவர் 1885இல் முடிய, கப்பலோடு பயணிகளும் கொழும்புக்கு மாறினார்கள். ஹோட்டல் 1864இலேயே தொடங்கிவிட்டதே என்று நேயர்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் அது சிறிய தொடக்கம். மாளிகைத் தோற்றம் 1894இல், கட்டடக்கலைஞர் எட்வர்ட் ஸ்கின்னரின் கையால் வந்தது. அதற்குள் துறைமுக வாசலிலேயே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வந்து இருபது வருடமாகப் போகிறது. அப்படியிருந்தும் ஒரு மைலுக்கப்பால் இருந்த இதையும் பெருப்பிக்க வேண்டியிருந்தது என்றால், வந்திறங்கிய கூட்டத்தை யோசித்துப் பாருங்கள்.