வட்டிக் கணக்கும் பத்தமடைப் பாயும்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வர்க்கப் பூர்த்தி முறையைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நான் படித்தது பி.காம். வங்கியில் வட்டி போட்டே காலம் போனது. ஆகவே வட்டிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் வட்டிக்கு ஒரு விதி உண்டு. 629-இல் அதற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் ஒரு கணக்குத் தருகிறார். 100-க்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று தெரியாது. வந்த வட்டியை அதே வீதத்தில் 4 மாதம் விட்டால், வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 6. அப்படியானால் மாத வட்டி எவ்வளவு?

வட்டியை எக்ஸ் என்று வைத்துச் சுருக்கினால், எக்ஸ் வர்க்கமும் 25 எக்ஸும் சேர்ந்து 150 என்று வரும்.

இப்போது சூத்திரத்தை மறந்துவிட்டுப் பத்தமடைப் பாயை நினையுங்கள். எக்ஸ் நீளம், எக்ஸ் அகலம் உள்ள சதுரப் பாய். 25-ஐப் பாதியாக்கி, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 12.5 அகலத்தில் ஒவ்வொரு பட்டை சேர்த்துத் தையுங்கள். ஒரு மூலை மட்டும் திறந்து கிடக்கும். அந்த ஓட்டை 12.5-க்கு 12.5, அதாவது 156.25. அதை அடைத்தால் பாய் முழுச் சதுரம். வர்க்கப் பூர்த்தி என்பது இவ்வளவுதான். 150-உடன் 156.25 சேர்த்தால் 306.25, அதன் வர்க்கமூலம் 17.5. பட்டையின் 12.5 போக மிச்சம் 5. (மைனஸ் 30 என்றும் ஒரு விடை வரும். கடன் கொடுத்தவரே நமக்கு வட்டி கட்டினால் அதை ஏற்கலாம்!)

ஆரியபட்டர் பின்னமே இல்லாமல் முடிக்கிறார். மொத்தம் 6, காலம் 4, முதல் 100 மூன்றையும் பெருக்கினால் 2400. முதலில் பாதியான 50-இன் வர்க்கம் 2500-ஐக் கூட்டினால் 4900. வர்க்கமூலம் 70. ஐம்பதைக் கழித்தால் 20. நான்கால் வகுத்தால் 5. பாயின் பக்கங்களை நான்கு மடங்காக்கிவிட்டார். அந்த 2500தான் மூலைத் துண்டு.

100-க்கு மாதம் 5 என்பதை நம்ம ஊரில் 'அஞ்சு வட்டி' என்போம். ஆண்டுக்கு 60 சதவீதம். மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஏறினால் கிட்டத்தட்ட 80. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017-இல் நம்ம கலெக்டர் ஆபீஸில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டி வீதத்தைச் சொல்லாமல், "மொத்தம் இவ்வளவு கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். மொத்தத்திலிருந்து வீதத்தைத் தோண்டி எடுக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. அதே 100, வட்டியை விட்டது 6 மாதம், மொத்தம் 16. மாத வட்டி எத்தனை? பாய் வரைந்து போட்டு வாருங்கள். சாயங்காலம் கீழே பெஞ்சில்தான் இருப்பேன்.